தம்பியை ஏற்றிப்போன வான்: இங்கிலாந்தில் பொலிசுக்கும் சிறைக்கும் நடுவில் நான் பட்ட பாடு

இங்கிலாந்தில் ஒருவரைப் பொலிஸ் பிடித்தால் பொலிசே கோட்டுக்குக் கொண்டுபோகும், மறியல் என்று உத்தரவானால் சிறை அதிகாரிகள் வந்து கூட்டிப்போவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஊரில் அப்படித்தானே பார்த்திருக்கிறோம். இங்கே கதை வேறு. பொலிஸ் நிலையத்தின் பின்வாசலில் ஆளைப் பொறுப்பேற்பது, கோட்டின் கீழ்த்தளத்தில் கூடுகளில் பூட்டி வைப்பது, நீதிபதிக்கு முன்னால் கண்ணாடிக் கூண்டில் பக்கத்தில் நிற்பது, பொழுதுபட்ட பிறகு சிறை வாசலில் கொண்டுபோய் ஒப்படைப்பது, இவ்வளவையும் செய்வது அரசோடு ஒப்பந்தம் போட்ட தனியார் கம்பனி. இங்கிலாந்தையும் வேல்ஸையும் வடக்கு, தெற்கு என்று பிரித்து இரண்டு கம்பனிகளிடம் கொடுத்திருக்கிறார்கள். 2020 ஓகஸ்டில் தொடங்கிய ஒப்பந்தம், 10 வருடத்துக்கு. அதில் ஒரு கம்பனிதான் என் தம்பியை ஏற்றி இறக்கியது. எந்தக் கம்பனி, எந்த ஊர், எந்தக் கோட் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவர்களோடு எனக்கு ஒரு கணக்கு இன்னும் தீராமல் கிடக்கிறது.

வழக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பி வேலை செய்த இடத்தில் ஒரு கைகலப்பு, ஒருவருக்குத் தலையில் காயம், தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். மாதக்கணக்கில் விளக்கமறியலில் வைத்துவிட்டு, கடைசியில் வழக்குத் தொடுநர் தரப்பே சாட்சியம் எதுவும் முன்வைக்கப் போவதில்லை என்று கைவிட்டது. அவ்வளவுதான். நான் எழுத வந்தது வழக்கைப் பற்றி அல்ல. பொலிஸ் நிலையத்துக்கும் சிறைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியைப் பற்றி. வழக்கை விட அதுதான் என்னை அலைக்கழித்தது, அதைப் பற்றித் தமிழில் ஒரு வரி கூட எனக்குக் கிடைக்கவில்லை. இவர், என் கணவர், அந்த நேரம் மாமியின் செத்தவீட்டுக்கு ஊருக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் இரண்டு பிள்ளைகளும் மட்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பொலிஸ் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. தம்பிக்குச் சீனி வருத்தம், இரண்டு நேரம் இன்சுலின் போடுகிறவன். அவனுடைய அறைக்குள் தேடி இன்சுலின் பேனைகளையும் ஊசிமுனைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். முன் மேசையில் வாங்கிக்கொண்டார்கள். அங்கே தாதி ஒருவர் இருந்தார், நேரத்துக்குப் போட்டுவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் சாட்டாமல் ஒருவரை வழமையாக 24 மணி நேரம்தான் வைத்திருக்கலாம். பாரதூரமான குற்றம் என்றால் மேலதிகாரி 36 மணி வரை நீட்டலாம், அதற்கு மேலே 96 மணி வரை வைத்திருக்க நீதவானின் அனுமதி வேண்டும். தம்பிக்கு அந்த இரவே குற்றச்சாட்டைப் பதிந்து, பொலிஸ் பிணை இல்லை, விடிய கோட் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். கைது செய்யப்பட்டவர் போட்டிருக்கும் நகை, கைக்காசு, தொலைபேசி எல்லாவற்றையும் பொலிஸ் எழுதி, இலக்கமிட்ட முத்திரைப் பையில் போட்டு ஒட்டிவிடும். அந்தப் பை அவரோடேயே பயணம் போகும், பொலிசிலிருந்து கம்பனிக்கு, கம்பனியிலிருந்து சிறைக்கு. வழக்குக்குத் தேவையில்லாத பொருள் என்றால், அவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்தால் பொலிஸ் நிலையத்திலேயே குடும்பத்தாரிடம் கொடுப்பதுண்டு. கேட்டால்தான் கொடுப்பார்கள். தம்பியின் கழுத்தில் அம்மா போட்டுவிட்ட இரண்டரைப் பவுண் சங்கிலி இருந்தது. அன்றைக்கு அதைப் பற்றி எனக்கு யாரும் வாய் திறக்கவில்லை. சட்டத்தரணி வரும்போது முதல் கேள்வியாகக் கேளுங்கள்: நகையையும் வீட்டுத் திறப்பையும் வங்கி அட்டையையும் இப்போதே வெளியே எடுக்கலாமா? தொலைபேசியைப் பொலிஸ் ஆதாரமாக வைத்துக்கொள்ளக்கூடும், அதை விடுங்கள். ஆனால் அதற்குள் இருக்கும் எண்கள்? இந்தக் காலத்தில் யாருக்கு எண் பாடம்? தம்பிக்கு என்னுடைய எண்ணே தெரியாது. ஒரு துண்டுக் கடதாசியில் வீட்டு எண், என் எண், சட்டத்தரணியின் எண் மூன்றையும் எழுதி அவன் கையில் சேரும்படி செய்யுங்கள்.

சனிக்கிழமை எல்லாக் கோட்டும் திறக்காது. ஒரு பிரதேசத்துக்கு ஒன்றோ இரண்டோ நீதவான் நீதிமன்றங்கள்தான், இரவில் பிடிபட்டவர்களைப் பார்ப்பதற்கென்று. எங்கள் பொலிஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கோட் இருக்க, தம்பியைக் கொண்டுபோனது அடுத்த நகரத்துக்கு. பத்து மணிக்கு கோட் என்றார்கள். பிள்ளைகளைச் சிநேகிதி வீட்டில் விட்டுவிட்டு ஒன்பதரைக்கே போய் நின்றேன். பதினொன்றும் ஆனது, பன்னிரண்டும் ஆனது. வான் ஒவ்வொரு பொலிஸ் நிலையமாகச் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டுதான் வரும். வந்த பிறகு ஒவ்வொருவராக இறக்கி, சோதித்து, பதிந்து, கூட்டில் போடவேண்டும். அதற்குப் பிறகுதான் சட்டத்தரணி கீழே போய்ப் பார்க்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அவரும் வந்து சேரவேண்டும். இவ்வளவும் முடிந்தால்தான் பெயரைக் கூப்பிடுவார்கள். ஆகவே பத்து மணி என்றால் பின்னேரம் மூன்று மணி வரை என்று கணக்கு வைத்துக்கொண்டு போங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள், தொலைபேசிக்கு சார்ஜர் கொண்டுபோங்கள். வெளியே போய் தேநீர் குடித்துவிட்டு வருவோம் என்று போன ஒரு தாய், மகனின் வழக்கு முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

கோட்டுக்கு உடுப்புப் பையோடு போனேன். மேலே நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரிடம், தோளில் கம்பனியின் சின்னம் குத்தியிருந்தது, இதைத் தம்பியிடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். ஒரு நிமிடம் பார்க்கலாமா? முடியாது. எந்தச் சிறைக்குக் கொண்டுபோவீர்கள்? சொல்ல முடியாது. மனிதர் மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பிறகுதான் விளங்கியது. பயண நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டி வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. கோட் கூடுகளில் குடும்பத்தாருக்குச் சந்திப்பு கிடையாது. சட்டத்தரணி மட்டும் போகலாம். அதனால் உள்ளே போகவேண்டிய எல்லாச் சொல்லும் சட்டத்தரணியின் வாய் வழியாகத்தான் போகவேண்டும். சனிக்கிழமை வருகிற இலவசக் கடமைச் சட்டத்தரணிக்குத் தலைக்கு மேலே வேலை. அவருடைய கோப்பில் என் தம்பி ஒரு பக்கம்.

விசாரணை பத்து நிமிடம்கூட இருக்காது. கண்ணாடிக் கூண்டுக்குள் தம்பி, பக்கத்தில் ஒரு காவல் அலுவலர். கண்ணாடிக்குள்ளே சத்தம் சரியாகக் கேட்காது, இடைவெளியில் காதை வைத்துத்தான் மொழிபெயர்ப்பாளர் சொல்வதைக் கேட்டான். வழக்கு பாரதூரமான வழக்குகளை விசாரிக்கும் மேல் நீதிமன்றமான கிரவுண் கோட்டுக்குப் போகிறது, பிணை இல்லை, விளக்கமறியல். என்னைத் திரும்பிப் பார்த்து, ‘அக்கா, அம்மாக்குச் சொல்லாதேங்கோ’ என்றான். கதவு திறந்து கீழே கூட்டிப்போய்விட்டார்கள். விளக்கமறியலுக்கும் எல்லை இருக்கிறது என்பதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் மூச்சு கொஞ்சம் வந்திருக்கும்: கிரவுண் கோட் வழக்கென்றால் முழு விசாரணை தொடங்க 182 நாள், நீதவான் நீதிமன்றத்திலேயே விசாரிக்கும் வழக்கென்றால் 56 நாள். கோட் அதை நீடிக்கலாம், ஆனால் அதற்குக் காரணம் காட்டவேண்டும்.

எனக்கு அடுத்து நடந்தது காத்திருப்பு மட்டும்தான். தம்பிக்கு நடந்ததை அவன் பிறகு சொல்லித்தான் தெரியும். விசாரணை மதியத்தோடு முடிந்தது. ஆனால் அவனை வானில் ஏற்றியது இருட்டுப் படுகிற நேரத்தில். கோட்டில் மற்றவர்களின் வழக்குகளும் முடிந்து, ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்த்துத்தான் வானை எடுப்பார்கள். அதுவரை ஜன்னல் இல்லாத கூடு, ஒரு மரப் பலகை, சூடாக்கிக் கொடுத்த ஒரு பெட்டிச் சாப்பாடு. வானுக்குள் நடைபாதையின் இரு பக்கமும் சின்னச் சின்ன அறைகள். ஒரு ஆள் இருந்தால் முழங்கால் எதிர்ச் சுவரில் முட்டும். கட்டிப் பிளாஸ்டிக் இருக்கை, ஆசனப்பட்டி இல்லை. கறுப்புக் கண்ணாடி ஜன்னல் வழியே உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது. வான் திரும்பும்போது இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொள்ளவேண்டும். சலம் வந்தால் வானை நிறுத்த மாட்டார்கள், ஜெல் போட்ட ஒரு பை தருவார்கள். சீனி ஏறினால் அடிக்கடி சலம் போகும் என்பது சீனி வருத்தக்காரர் உள்ள வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பை ஒன்றை வைத்துக்கொண்டு, அடுத்த அறையில் ஒருவன் கதவை உதைத்துக் கத்திக்கொண்டிருக்க, அவன் அந்த ஓட்டம் முழுக்க இருந்திருக்கிறான். முதலில் வேறொரு சிறைக்குப் போய் நாலு பேரை இறக்கிவிட்டு, அதன் பிறகுதான் இவனுடைய சிறை. உள்ளே போகும்போது இரவு ஒன்பதரை தாண்டிவிட்டது.

இப்படி ஒரு ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். முன்பு பொலிசும் சிறை அதிகாரிகளும்தான் இந்த வேலையைச் செய்தார்கள். 1991-இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டம் தனியாரிடம் கொடுக்க வழி திறந்தது. 1993 ஏப்ரலில் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ், ஹம்பர்சைட் பகுதிகளில் குரூப் 4 கம்பனி முதன்முதலில் தொடங்கியது. தொடங்கிய சில கிழமைக்குள்ளேயே சில கைதிகள் தப்பி ஓட, பத்திரிகைகளுக்கு நல்ல பகிடியாகிப் போனது. அதே சட்டம் வேறு இரண்டு விஷயமும் செய்திருக்கிறது. ஒன்று, வெள்ளைச் சட்டைக்காரர்கள் சும்மா காவலாளிகள் இல்லை, அரசிடம் தனிச் சான்றிதழ் பெற்ற கைதிக் காவல் அலுவலர்கள். இரண்டாவது, இவர்களைக் கண்காணிக்க வெளியார் பார்வையாளர்களை நியமிக்கவேண்டும் என்பது. சம்பளம் இல்லாத அந்தப் பார்வையாளர்கள் கோட் கூடுகளுக்கும் வானுக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றைப் படித்தபோது, தம்பிக்கு நடந்தது தனிக் கதை இல்லை என்று தெரிந்தது. வழக்கு முடிந்த பிறகும் மணிக்கணக்கில் கூட்டில் கிடப்பது, சிறைக்குப் பிந்திப் போய்ச் சேருவது, மருந்து, மொழி, எல்லாம் அங்கே இருந்தது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஆள் பொலிசிலிருந்து புறப்படும்போது அவரோடு ஒரு பதிவு போகிறது. வழிக்காவல் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்போது அது கணினியில். அவருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து, எப்போது எடுத்தார், தன்னைத் தானே காயப்படுத்தும் ஆபத்து உண்டா, மற்றவர்களால் ஆபத்து உண்டா, என்ன மொழி, எல்லாம் அதில் இருக்கவேண்டும். பொலிஸ் எழுதியதைப் பார்த்துத்தான் கம்பனி நடக்கும், கம்பனி சேர்த்ததையும் பார்த்துத்தான் சிறை நடக்கும். வாயால் சொன்னது கை மாறும்போது காணாமல் போகும். எழுதியது மட்டும்தான் போய்ச் சேரும். பிழையாக எழுதினால் பிழையும் அப்படியே போய்ச் சேரும்.

தம்பியின் பதிவில் சீனி வருத்தம் என்று ஒரு சொல் இருந்தது. இன்சுலின் எடுப்பவர், மாலை டோஸ் எத்தனை மணிக்கு என்பது இல்லை. பேனைகள் முத்திரைப் பைக்குள். பையை வானில் பூட்டி வைத்திருந்தார்கள், கோட்டில் கேட்டபோது ‘பிறகு, பிறகு’ என்றார்களாம். இதை விட மோசமானது மற்றது. காலையில் கோட் கூட்டில் இறக்கியதும் கதவில் உள்ள சின்னத் திறப்பு வழியாக ஒரு அலுவலர் கேள்விகளை வரிசையாகக் கேட்டிருக்கிறார். தம்பிக்கு ஆங்கிலம் வேலைத்தலத்து ஆங்கிலம் மட்டும். பயத்தில் எல்லாவற்றுக்கும் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டியிருக்கிறான். அதில் ஒரு கேள்வி, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்பது. அந்த ‘யெஸ்’ பதிவில் ஏறிவிட்டது. சிறைக்குப் போனதும் விசேஷ கண்காணிப்பு. இரவு முழுக்க கதவுத் துவாரத்தால் டோர்ச் அடித்து எழுப்பிப் பார்த்தபடி. இவனுக்கு ஏன் என்று விளங்கவில்லை, தண்டனை என்று நினைத்துக்கொண்டு அழுதிருக்கிறான். அழுததும் பதிவில் ஏறியது, கண்காணிப்பு இன்னும் நீண்டது. ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் போட்டுக் கேட்கும் வரைக்கும் இது ஓடியது.

இன்சுலின் கதை சிறை வரவேற்பறைத் தாதியின் புண்ணியத்தில் தப்பியது. விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 24 காட்டியிருக்கிறது. இங்கத்தைய கணக்கு அது. ஊர்க் கணக்கில் 430-ஐத் தாண்டும். அந்தப் பெண் உடனே மருத்துவரைக் கூப்பிட்டு, சிறையின் மருந்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். இதை எனக்குச் சொன்னது அவனே, நாலாம் நாள் தொலைபேசியில், ஏதோ சாதாரண விஷயம் போல. கேட்ட பிறகு எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. கோபம் யார்மேல் என்று கூடத் தெரியவில்லை. பொலிஸ் தன் வேலையைச் செய்தது, தாதி தன் வேலையைச் செய்தார், நடுவில் அந்தப் பகல் முழுக்க அவன் ஒரு பொதி போலக் கை மாறிக்கொண்டு இருந்திருக்கிறான்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இப்படி வந்தால், சட்டத்தரணியிடம் வாயால் சொல்வதோடு நிற்காதீர்கள். ஒரு கடதாசியில் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், நாலைந்து வரி எழுதிக் கையில் கொடுங்கள்: பெயர், பிறந்த திகதி, வருத்தம், மருந்தின் பெயரும் அளவும் நேரமும், குடும்ப வைத்தியரின் பெயர், பேசும் மொழி. அதைக் கோட் கூட்டின் பொறுப்பாளரிடம் கொடுத்துப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். அதோடு திறந்த மன்றில் நீதவான்களுக்கு முன்னால் ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள், ‘இவர் இன்சுலின் எடுப்பவர், மாலை டோஸ் இத்தனை மணிக்கு, மறியல் பத்திரத்தில் குறித்துக்கொள்ளவும்’ என்று. அடுத்த முறை நான் அப்படித்தான் செய்யவைத்தேன். கோட் பத்திரத்தில் ஒன்று குறித்திருந்தால் கம்பனியும் சிறையும் அதைச் சும்மா தட்டிக்கழிக்க முடியாது. உள்ளே இருப்பவருக்குச் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று: விளங்காத கேள்விக்கு ‘யெஸ்’ வேண்டாம், ‘தமிழ் இன்டர்பிரெட்டர்’ என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் போடும் வசதி அவர்களிடம் இருக்கிறது. கேட்காவிட்டால் சிரமப்பட்டு எடுக்க மாட்டார்கள்.

சனி இரவு தம்பி எங்கே என்று எனக்குத் தெரியாது. சட்டத்தரணி ‘அநேகமாக இந்தச் சிறை’ என்று ஒரு பெயர் சொல்லிவிட்டுப் போனார், அங்கே இடமில்லாமல் வேறு இடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஞாயிறு முழுக்க தொலைபேசியோடு. கடைசியில் இரண்டாவதாக அழைத்த சிறையில் ஒரு நல்ல மனிதர், ஆள் இருக்கிறாரா என்று சொல்ல முடியாது, ஆனால் உடல்நலக் கவலை என்றால் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று ஒரு எண் தந்தார். ஒவ்வொரு சிறையிலும் கைதியின் பாதுகாப்புப் பற்றிக் குடும்பத்தார் தகவல் சொல்ல ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் உங்களுக்கு ஒன்றும் சொல்லாவிட்டாலும், நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். அதைச் செய்யுங்கள். ஆளைத் தேடித்தரச் சொல்லி அரசுக்கு விண்ணப்பிக்கும் சேவையும் உண்டு, ஆனால் அதற்கு நாள் எடுக்கும், உள்ளே இருப்பவரும் சம்மதிக்கவேண்டும். கைதிகளின் குடும்பங்களுக்கென்று ஓர் இலவச உதவித் தொலைபேசியும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் இருந்த பெண்மணிதான் எனக்கு முதன்முதலாக ஆறுதலாக ஒரு விஷயத்தை முழுதாக விளங்கப்படுத்தியவர்.

கைதிக்குக் கொடுக்கும் இலக்கம் கிடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த இலக்கமும் பிறந்த திகதியும் இருந்தால் அரசின் இணையத்தளத்தில் வங்கி அட்டையால் காசு அனுப்பலாம், கட்டணம் இல்லை. அந்தக் காசில்தான் அவன் தொலைபேசிக்கும் கன்டீன் சாமானுக்கும் செலவழிக்கவேண்டும். விளக்கமறியலில் உள்ளவருக்குக் கிழமைக்கு மூன்று முறை, ஒவ்வொரு மணி நேரம் சந்திப்புக்கு உரிமை உண்டு, தண்டனை பெற்றவரைவிட அதிகம். சொந்த உடுப்பும் போடலாம். எங்கள் பிரச்சினை தூரம். ரயிலும் அதற்குப் பிறகு ரக்சியும், ஒரு போய்வரவுக்கு 70 பவுண்ஸ் மட்டில் போனது. வேலைக்குப் போகாத நாள்களின் சம்பளம் வேறு. சங்கிலியை விட்டுப் பார்த்தாலும் இரண்டாயிரம் பவுண்ஸுக்கு மேல் கரைந்திருக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சந்திப்புப் பயணச் செலவைத் திருப்பிக் கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. சந்திப்பு முடிந்து 28 நாளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும். ரிக்கெட்டுகளை எறியாதீர்கள்.

கிரவுண் கோட் நாள் என்றால் விடிய ஐந்து மணியளவில் எழுப்பிவிடுவார்கள். அன்றைக்குத் திரும்பி அதே சிறைக்கு வருவான் என்ற நிச்சயம் கிடையாது, அதனால் தன் சாமான் முழுவதையும் கட்டி எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்பது வழமை. ஆனால் வானில் இடம் கணக்கு. தம்பியிடம் இரண்டு பை, ஒன்றைத்தான் ஏற்றுவோம் என்றார்களாம். மற்றது சிறை வரவேற்பறையில். அந்த நாள் வான் பிந்தி, நீதிபதி எரிச்சல்பட்டு, கம்பனியின் ஆளைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். கேட்டு என்ன, வழக்கு மதியத்துக்குப் போனது, மொழிபெயர்ப்பாளருக்கு வேறு கோட்டில் வேலை, ஆகவே இன்னொரு திகதி. தீர்மானம் எதுவும் எடுக்காத சின்ன விசாரணை என்றால் வீடியோ இணைப்பில் நடத்தலாமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஆளை நேரில் காண முடியாது, ஆனால் அவனுக்கு ஒரு நாள் வான் ஓட்டமும் பை இழப்பும் மிச்சம். சிறைகள் நிரம்பி வழிகிற காலத்தில் இது இன்னும் முக்கியம். 2024 மே மாதமும் ஓகஸ்டிலும், சிறையில் இடம் உறுதியாகும் வரை ஆட்களைப் பொலிஸ் கூடுகளிலேயே வைத்திருந்து பிறகே கோட்டுக்கு அனுப்பும் அவசர ஏற்பாட்டை அரசு கொண்டுவரும் அளவுக்கு நிலைமை போனது.

வழக்கைக் கைவிட்ட நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். நீதிபதி ‘நீங்கள் போகலாம்’ என்றார். நான் வாசலுக்கு ஓடினேன். ஆள் வரவில்லை. சிறையிலிருந்து வந்தவரை விடுவதென்றால், அவர்மேல் வேறு வழக்கோ குடிவரவுத் தடையோ இல்லை என்று சிறை பார்த்து எழுத்தில் அனுமதி அனுப்பவேண்டும். அது வரும்வரை விடுதலையான மனிதன் கீழே பூட்டிய கூட்டில்தான். மதியத்தில் தீர்ந்த வழக்குக்கு ஆள் வெளியே வந்தது ஐந்து மணிக்குப் பிறகு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. மெலிந்துபோயிருந்தான். ‘பசிக்குது அக்கா’ என்றான்.

பைக்குள் சங்கிலி இல்லை. சிறையைக் கேட்டால், முத்திரைப் பை கோட்டுக்குப் போகும்போது கம்பனியிடம் கொடுத்தாயிற்று என்றார்கள். கம்பனியைக் கேட்டால், எங்களுக்கு வந்த பையில் அப்படி ஒன்று பதியப்படவில்லை என்று மின்னஞ்சல். பொலிஸ் நிலையத்துப் பொருள் பட்டியலின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அதில் ‘மஞ்சள் உலோகச் சங்கிலி, ஒன்று’ என்று எழுதியிருந்தது. பொன் என்று எழுத மாட்டார்கள், சோதிக்காமல் எழுதுவது அவர்களுக்குச் சிக்கல். ஆனால் நட்டஈடு கேட்கும்போது அந்த ‘மஞ்சள் உலோகம்’ உங்கள் கழுத்தை இறுக்கும். எங்களுக்கு உதவியது இரண்டு: தம்பி அந்தச் சங்கிலியோடு நிற்கும் கலியாணவீட்டுப் படம், ஊரில் நகைக்கடை கொடுத்த பழைய பற்றுச்சீட்டு, அதை அம்மா சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். முத்திரை இலக்கங்களைத் தேடியபோது, சிறை கொடுத்த பையின் இலக்கமும் கம்பனி பதிந்த இலக்கமும் வேறு வேறு என்று கண்டுபிடித்தேன். எங்கேயோ ஒரு முத்திரை உடைக்கப்பட்டு வேறு பை மாறியிருக்கிறது. யார், எங்கே என்று ஒருவரும் எழுதவில்லை.

முறைப்பாட்டை மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் எழுத்தில் அனுப்புங்கள், ஒன்றின் பிரதியை மற்றதுக்கும் போடுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கையால் காட்டிக்கொண்டே இருப்பார்கள், எனக்கு மாதங்கள் அப்படித்தான் போயின. தொலைபேசியில் பேசினால் பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துவிட்டு, ‘இன்று நீங்கள் சொன்னது இது’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். கம்பனி கடைசியில், பொறுப்பை ஏற்காமல், ‘நல்லெண்ணமாக’ 300 பவுண்ஸ் தருகிறோம் என்று கடிதம் போட்டது. சங்கிலி ஆயிரத்துக்கு மேல் போகும். இவர் சொல்கிறார், வாங்கிக்கொண்டு விடு என்று. நான் விடவில்லை. அந்தக் கடிதத்தில் ‘முழுமையான, இறுதியான தீர்வு’ என்று ஒரு வரி இருந்தது. அதில் கையெழுத்து வைத்தால் அதற்குப் பிறகு ஒரு சதம் கேட்க முடியாது. சிவில் கோட்டின் சிறு தொகை வழக்குப் பிரிவில் சட்டத்தரணி இல்லாமலே போடலாம், இப்படியான இழப்புக்கு ஆறு வருடம் வரை காலம் இருக்கிறது. படிவம் நிரப்பி, முத்திரை இலக்கங்கள் இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுதி, கட்டணத்தையும் கட்டி அனுப்பிவிட்டேன். கம்பனியின் பதில் இன்னும் வரவில்லை.